தென்னாப்பிரிக்காவில் கமர்ஷியல் பைலட் பயிற்சி: காசை எந்த வரிசையில் செலவழிப்பது

பைலட் பயிற்சிக்கு ஆகும் செலவைக் கேட்டதும் இங்குள்ள நம் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கின்றன. "நமக்குக் கட்டுப்படியாகாது" என்று பேச்சையே அதோடு முடித்துவிடுகின்றன. இல்லையென்றால் வீட்டின் மேல் கடன் வாங்கி, மொத்தத் தொகையையும் பயிற்சிப் பள்ளியில் ஒரே தவணையில் கட்டிவிடுகின்றன. இரண்டுமே தேவையில்லை.

என் மகள் டர்பனில் விர்ஜினியா விமான நிலையத்தில் பயிற்சி எடுத்தவள். இப்போது விமானம் ஓட்டிச் சம்பாதிக்கிறாள். நான் கணக்கெழுதும் தொழிலில் இருப்பதால், அவள் பயிற்சியின் வரவு செலவு முழுவதும் என் கையில்தான் இருந்தது. அதிலிருந்து டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்திலிருந்தும், வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து ஜோகன்னஸ்பர்க் அருகே மிட்ராண்டில் குடியிருப்பவர்களிடமிருந்தும் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. "அக்கா, மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். மொத்தத்தைப் பிறகு பார்ப்போம். எந்தச் செலவு முதலில், எது அடுத்தது, எந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒரே தொகையைச் செலவழித்த இரண்டு குடும்பங்களில் ஒன்று தப்பிப்பதும் மற்றது கடனில் விழுவதும் இந்த வரிசையால்தான்.

முதல் படி: கிரேடு 10 பாடத் தேர்வு

இதற்குக் காசே வேண்டாம். ஆனால் இங்கே தவறவிட்டால் பிறகு சரிசெய்வது கஷ்டம். கிரேடு 10-க்குப் போகும்போது மேத்தமேட்டிக்ஸா, அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் எளிய பாடமான மேத்தமேட்டிக்கல் லிட்ரசியா என்று பள்ளியில் கேட்பார்கள். மார்க் நன்றாக வரும் என்று லிட்ரசி பக்கம் தள்ளிவிடும் ஆசிரியர்கள் உண்டு. பைலட் ஆக வேண்டும் என்ற எண்ணம் துளி இருந்தாலும் மேத்தமேட்டிக்ஸும் பிசிக்கல் சயின்சும் எடுக்கச் சொல்லுங்கள். விமான நிறுவனங்களே ஆள் எடுத்துப் பயிற்சி தரும் கேடட் திட்டங்களும் விமானப்படையும் இந்த இரண்டு பாடங்களையும்தான் கேட்கும். நாளைக்கு இந்தியாவில் போய் லைசென்ஸை மாற்றிக்கொள்ள நினைத்தாலும் பன்னிரண்டாம் வகுப்பு அளவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்கிறார்களா என்ற கேள்வி வரும்.

இரண்டாம் படி: மெடிக்கல்

முதல் செலவு இதுவாகத்தான் இருக்க வேண்டும். பள்ளியில் பெயர் பதிவதற்கு முன், ஹெட்செட் வாங்குவதற்கு முன், உறவினர்களிடம் சொல்வதற்கும் முன்.

தனியார் பைலட் லைசென்ஸுக்கு கிளாஸ் 2 மெடிக்கல் போதும். கமர்ஷியலுக்கு கிளாஸ் 1 வேண்டும். பள்ளிகள் பெரும்பாலும் "இப்போதைக்கு கிளாஸ் 2 எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு பார்க்கலாம்" என்பார்கள். கேட்காதீர்கள். தொழிலாகத்தான் செய்யப்போகிறோம் என்று தெரிந்த பிறகு, கிளாஸ் 1 கிடைக்குமா கிடைக்காதா என்பதை முதல் நாளே தெரிந்துகொள்வதுதான் நியாயம். சிவில் ஏவியேஷன் அத்தாரிட்டி அங்கீகரித்த மருத்துவர்கள் மட்டுமே இதைச் செய்ய முடியும். டேம் என்று அவர்களைச் சுருக்கமாகச் சொல்வார்கள். கண், காது, இதயத்துக்கு ஈசிஜி, ரத்தம், சிறுநீர், நுரையீரல் என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டிருப்பது பெரும்பாலும் தடையில்லை, கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். நிறக்குருடு வேறு விஷயம். பல பையன்களுக்கு அது இருப்பதே இந்த மேசையில்தான் தெரியவருகிறது.

நம் சமூகத்துக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்க இந்தியர்களிடம் சர்க்கரை நோய் அதிகம் என்பது மருத்துவர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் விஷயம். தாத்தாவுக்கு, அப்பாவுக்கு, பெரியம்மாவுக்கு என்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. கிளாஸ் 1 ஒரு தடவை வாங்கி வைத்துக்கொள்ளும் சான்றிதழ் கிடையாது. 40 வயதுக்குள் இருப்பவர்கள் 12 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சம்பாத்தியமே அந்தக் காகிதத்தில்தான் நிற்கிறது. அதனால் இருபது வயதிலேயே சாப்பாட்டையும் எடையையும் கவனிப்பது பைலட்டின் தொழிலில் ஒரு பகுதி. என் மகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டும்போதெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மருத்துவப் படிவத்தில் எதையும் மறைக்கக் கூடாது. சின்ன வயதில் வந்த வலிப்பு, ஆஸ்துமா, மன அழுத்தத்துக்குச் சாப்பிட்ட மாத்திரை எதுவானாலும் எழுதுங்கள். சொல்லிவிட்டால் மேல்முறையீட்டுக்கும் மறுபரிசோதனைக்கும் வழி இருக்கிறது. மறைத்துப் பிறகு வெளிவந்தால் செலவழித்த எல்லாமே போய்விடும்.

மெடிக்கல் கையில் வந்ததும் ஒரு அறிமுகப் பறத்தலுக்கு அனுப்புங்கள். சின்ன விமானத்தில் கோடை மதியம் ஒரு மணி நேரம் குலுங்கிவிட்டு இறங்கிய பிறகும் பிள்ளை அதே ஆசையோடு பேசினால் அடுத்த படிக்குப் போகலாம்.

மூன்றாம் படி: எத்தனை மணி நேரம், எதற்கு

பயிற்சி முழுவதும் பறந்த மணிக்கணக்கில்தான் ஓடுகிறது. காசும் அப்படியே.

ஸ்டூடென்ட் பைலட் லைசென்ஸ் 16 வயதில் எடுக்கலாம். தனியார் லைசென்ஸ், அதாவது பிபிஎல், 17 வயதில். அதற்குக் குறைந்தபட்சம் 45 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். கமர்ஷியல், அதாவது சிபிஎல், 18 வயதில், 200 மணி நேரத்தில். இந்த 200-இல் 100 மணி நேரமாவது பைலட்-இன்-கமாண்டாக, விமானத்துக்குத் தானே பொறுப்பேற்றுப் பறந்திருக்க வேண்டும். குறைந்தது 300 கடல்மைல், அதாவது சுமார் 555 கிலோமீட்டர் போய், வழியில் இரண்டு வெவ்வேறு நிலையங்களில் முழுதாக இறங்கி ஏறிய ஒரு நீண்ட பயணமும், பறந்த நேரத்தைப் பதியும் லாக்புக்கில் இருக்க வேண்டும். இரவுப் பறத்தல் தனி.

மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங்குக்கு 40 மணி நேர இன்ஸ்ட்ருமெண்ட் பயிற்சி வேண்டும். அதில் ஒரு பகுதியை சிமுலேட்டரில் முடிக்கலாம். அது மலிவு. இரட்டை எஞ்சின் ரேட்டிங் இன்னொன்று. இந்த இரண்டும் இல்லாத வெறும் சிபிஎல்லை வைத்துக்கொண்டு விமான நிறுவனத்தின் கதவைத் தட்ட முடியாது. ஆகவே "சிபிஎல் இவ்வளவு" என்று பள்ளி ஒரு விலை சொன்னால், இந்த இரண்டும் அதற்குள் இருக்கிறதா என்று உடனே கேளுங்கள்.

45 மணி நேரம் என்பது சட்டம் கேட்கும் குறைந்தபட்சம். அதே 45-இல் பிபிஎல் முடிப்பவர்கள் குறைவு. வாரம் ஒரு நாள் மட்டும் பறக்கும் பிள்ளை, போன வாரம் கற்றதை மீட்டெடுக்கவே பாதி நேரத்தைச் செலவழிப்பான். வாரத்துக்கு மூன்று நாள் பறப்பவனுக்கு மொத்த மணி நேரம் குறையும். எனவே பிபிஎல் கட்டத்துக்கான பணம் முழுவதும் சேர்ந்த பிறகுதான் முதல் பாடத்தைத் தொடங்க வேண்டும். இடையில் காசு தீர்ந்து மூன்று மாதம் நின்றுபோவதைவிட, ஆறு மாதம் தள்ளி ஆரம்பிப்பது எவ்வளவோ மேல்.

எழுத்துத் தேர்வுகள் சட்டம், வானிலை, வழிகாட்டல், விமானத் தொழில்நுட்பம், மனித உடல் திறன் என்று பல பாடங்களில் இருக்கும். பாஸ் மார்க் 75 விழுக்காடு. ஒரு பாடத்தில் தேறியதும் மற்றவற்றுக்கான காலக்கெடு ஓடத் தொடங்கும், அதனால் இழுத்துக்கொண்டே போகக் கூடாது. ரேடியோவில் பேசுவதற்கான சான்றிதழும், ஆங்கிலப் புலமையில் நான்காம் நிலையும் வேண்டும். இங்கே பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு அது பிரச்சினையே இல்லை.

பருவத்தையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். டர்பனில் மழை பெரும்பாலும் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. ஜோகன்னஸ்பர்க் பக்கம் அதே மாதங்களில் மதியத்துக்கு மேல் இடிமேகம் எழும். மே முதல் ஆகஸ்ட் வரை இரண்டு இடத்திலும் வறண்ட, தெளிவான வானம். எழுத்துத் தேர்வுகளை மழை மாதங்களிலும் பறக்கும் வேலையைக் குளிர்காலத்திலும் வைத்துக்கொண்டால், ரத்தாகும் பாடங்கள் குறையும், கற்றது மறக்காது, காசும் மிஞ்சும். மெட்ரிக், அதாவது கிரேடு 12, முடித்த பிள்ளைக்கு இது வசதியாகவே அமைகிறது. ஜனவரியில் முடிவு வந்ததும் புத்தகத்தைப் பிடித்தால் ஏப்ரலில் விமானத்தில் உட்காரலாம்.

நான்காம் படி: பள்ளியைத் தேர்ந்தெடுப்பது

அத்தாரிட்டியின் அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த அங்கீகாரம் எந்தெந்தப் பயிற்சிகளுக்கு என்பதையும் பாருங்கள். பிபிஎல்லுக்கு மட்டும் அனுமதி உள்ள பள்ளியில் இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங் எடுக்க முடியாது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை காலை நேரில் போய் உட்காருங்கள். எத்தனை விமானங்கள் பறக்கும் நிலையில் நிற்கின்றன, எத்தனை ஹேங்கருக்குள் எஞ்சினைக் கழற்றி வைத்தபடி கிடக்கின்றன, எத்தனை மாணவர்கள் காத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். விளம்பரப் புத்தகம் இதைச் சொல்லாது. ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளிடம் தனியாகப் பேசுங்கள். "போன மாதம் எத்தனை தடவை புக் செய்தாய், எத்தனை தடவை பறந்தாய்?" என்ற ஒரே கேள்வி போதும்.

விலையை ஒப்பிடும்போது ஹாப்ஸா, டாக்கோவா என்று கேட்க வேண்டும். ஹாப்ஸ் மீட்டர் எஞ்சின் ஓடும் நேரத்தை அப்படியே எண்ணும். டாக்கோ எஞ்சின் சுழலும் வேகத்தைப் பொறுத்து எண்ணுவதால், தரையில் மெதுவாக ஓடும்போது குறைவாகக் காட்டும். ஒரு பள்ளி மணிக்கு 2,700 ரேண்ட் ஹாப்ஸிலும் இன்னொன்று 2,900 ரேண்ட் டாக்கோவிலும் கேட்டால், இரண்டாவதுதான் மலிவாக முடியலாம். நெரிசலான நிலையத்தில் ஓடுபாதைக்கு முன் வரிசையில் நிற்கும் நிமிடங்களுக்கும் ஹாப்ஸில் காசு ஏறும். அதோடு எரிபொருள் விலைக்குள் சேர்ந்ததா, விலை உயர்ந்தால் கூடுதல் கட்டணம் உண்டா, இறங்கு கட்டணமும் வான்வழிக் கட்டணமும் யார் தலையில், பாடத்துக்கு முன்னும் பின்னும் இன்ஸ்ட்ரக்டர் பேசுவதற்குக் காசு உண்டா, 15 விழுக்காடு வாட் வரி சேர்ந்த விலையா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழிக்கு மதிப்பில்லை.

இடம் முக்கியம். விர்ஜினியா கடலோரத்தில், கடல்மட்டத்தை ஒட்டியது. ஜெர்மிஸ்டனில் உள்ள ராண்ட், மிட்ராண்டில் உள்ள கிராண்ட் சென்ட்ரல் இரண்டும் 5,000 அடிக்கு மேல். மேலே காற்று அடர்த்தி குறைவு, எஞ்சின் சக்தியும் குறையும். கோடை வெயிலில் மாணவரும் இன்ஸ்ட்ரக்டரும் ஏறி, டேங்க் நிறைய எரிபொருளும் போட்டால் சின்ன விமானம் மேலே ஏறத் திணறும். அங்கே கற்றவர்கள் உயரமான நிலையங்களைக் கையாளத் தெரிந்து வருகிறார்கள். டர்பனில் கற்றவர்கள் கடற்காற்றையும் தாழ்ந்த மேகத்தையும் கற்கிறார்கள். எது மேல் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். வீட்டிலிருந்து போய் வர முடிகிற நிலையம்தான் பெரும்பாலான குடும்பங்களுக்குச் சரி. வாடகையும் சாப்பாடும் சேர்ந்தால் கணக்கே மாறிவிடும். ஆனால் விர்ஜினியாவில் சேர்பவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அது நகராட்சிக்குச் சொந்தமான நிலம். அதை வேறு உபயோகத்துக்கு மாற்றும் பேச்சு பல ஆண்டுகளாக எழுவதும் அடங்குவதுமாக இருக்கிறது. இடம் மாற நேர்ந்தால் பள்ளி என்ன செய்யும், மீதிப் பணம் என்ன ஆகும் என்று கேளுங்கள்.

ஈஸ்டர்ன் கேப்பில் போர்ட் ஆல்பிரட் மாதிரி இடங்களில் தங்கிப் படிக்கும் முழுநேரப் பள்ளிகளும் உண்டு. எல்லாம் ஒரே திட்டமாக, குறிப்பிட்ட மாதங்களுக்குள் முடியும். ஒழுங்கு இருக்கும், பணமும் பெரிய தவணைகளில் போகும். மாதச் சம்பளத்தில் பயிற்சியை நடத்தும் குடும்பத்துக்கு, கட்டம் கட்டமாக நகரும் முறைதான் பாதுகாப்பு என்பது என் எண்ணம். பிபிஎல் முடிந்த இடத்தில் நின்று மூச்சுவிட்டு, பிள்ளையின் ஆர்வத்தையும் கையிருப்பையும் பார்த்து அடுத்ததைத் தொடரலாம்.

ஐந்தாம் படி: கணக்குப் போடுவது

ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். மணி விலைகள் உதாரணத்துக்கு நான் வைத்தவை. உங்கள் பள்ளி தரும் விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒற்றை எஞ்சின் விமானத்தில் தனியாக, மணிக்கு 2,700 ரேண்ட் வீதம் 110 மணி நேரம்: 2,97,000. அதே விமானத்தில் இன்ஸ்ட்ரக்டரோடு, 3,300 வீதம் 75 மணி நேரம்: 2,47,500. இரட்டை எஞ்சினில் 6,500 வீதம் 15 மணி நேரம்: 97,500. இதுவரை பறந்தது 200 மணி நேரம். சிமுலேட்டரில் 1,500 வீதம் 20 மணி நேரம்: 30,000. ஆகக் கூட்டினால் 6 லட்சத்து 72 ஆயிரம் ரேண்ட்.

பள்ளி சொன்ன விலையில் வாட் சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரே வரியில் 1 லட்சத்து 800 ரேண்ட் ஏறிவிடும். அதனால்தான் அந்தக் கேள்வியை அத்தனை அழுத்திச் சொன்னேன்.

வாட் சேர்ந்த விலையே என்றாலும், இன்னொரு 15 விழுக்காட்டை எதிர்பாராததற்கு ஒதுக்குங்கள். கூடுதல் மணி நேரம், தோற்ற தேர்வு, திரும்ப எடுக்கும் டெஸ்ட், ஏறும் எரிபொருள் விலை எல்லாம் அதிலிருந்து போகும். மெடிக்கல், தேர்வுக் கட்டணங்கள், வகுப்புகள், டெஸ்ட் எடுக்கும் எக்ஸாமினரின் கட்டணம், ஹெட்செட், வரைபடங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு 60,000 வைத்தால், இந்த மாதிரிக் கணக்கு 8 லட்சத்து 32 ஆயிரத்து 800-இல் நிற்கிறது.

பெரும்பாலான குடும்பங்கள் இந்த எண்ணோடு கணக்கை மூடிவிடுகின்றன. லைசென்ஸ் வந்த பிறகு வேலை வரும்வரை உள்ள காலத்துக்கும் ஒரு வரி வேண்டும். அதை ஏழாம் படியில் விரிவாகச் சொல்கிறேன். இப்போதைக்கு மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்காவது அதற்கென்று தனியாகத் தொடாமல் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: பணம் எங்கிருந்து, எப்படி

இலவசமாகக் கிடைப்பதை முதலில் பார்த்துவிடுவோம். என்எஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதியுதவி பொதுப் பல்கலைக்கழகங்களுக்கும் டிவெட் என்ற தொழிற்கல்விக் கல்லூரிகளுக்கும்தான், தனியார் பைலட் பள்ளிக்குக் கிடைக்காது. போக்குவரத்துத் துறைக்கான டெட்டா என்ற பயிற்சி அமைப்பு விமானத்துறைக்கும் பொறுப்பு. அதன் வழியாகப் பைலட் பயிற்சிக்கு உதவித்தொகை வந்திருக்கிறது. அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க மெட்ரிக் சான்றிதழ், அடையாள அட்டை, பெற்றோர் வருமானச் சான்று எல்லாவற்றையும் சான்றளித்த நகலோடு தயாராக வைத்திருங்கள். விமான நிறுவனங்களின் கேடட் திட்டங்களும் அப்படித்தான், எப்போதாவது திறக்கும், சீக்கிரம் மூடும்.

தென்னாப்பிரிக்கக் குடியுரிமை உள்ள பிள்ளைக்கு விமானப்படை ஒரு உண்மையான வழி. தேர்வு கடினம், இடம் குறைவு, பிறகு சேவை ஒப்பந்தம் உண்டு. ஆனால் லாங்கபான்வெக்கில் உள்ள மத்தியப் பறக்கும் பள்ளியில் அரசுச் செலவில் கற்கலாம். நம் வீடுகளில் இதைப் பேசுவதே இல்லை. மெரீபாங்கிலும் இசிப்பிங்கோவிலும் பழைய டர்பன் விமான நிலையத்தின் இரைச்சலிலேயே நம் மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்தார்கள். இன ஒதுக்கல் காலம் முழுவதும் அந்த விமானங்களின் முன் இருக்கை அவர்கள் பிள்ளைகளுக்கு மூடியே இருந்தது. இன்று கதவு திறந்திருக்கிறது, விண்ணப்பப் படிவமாவது போட்டுப் பாருங்கள்.

இனிக் கடன். வங்கியின் மாணவர் கடனுக்குச் சம்பளமுள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். படிக்கும் காலத்தில் வட்டியை மட்டும் அவர் கட்டுவது வழக்கம். உங்கள் பள்ளிக்கு அந்த வங்கி கடன் தருமா என்பதைப் பள்ளியிடம் கேட்காதீர்கள், வங்கியிடம் கேளுங்கள். 2005-ஆம் ஆண்டு நேஷனல் கிரெடிட் சட்டப்படி கையெழுத்துக்கு முன் மொத்தச் செலவையும் காட்டும் மதிப்பீட்டுக் காகிதத்தை அவர்கள் தர வேண்டும். அது ஐந்து வேலை நாட்களுக்கு அவர்களைக் கட்டுப்படுத்தும். அந்த ஐந்து நாளையும் பயன்படுத்தி இன்னொரு வங்கியில் விசாரியுங்கள். "இன்றைக்கே போடுங்கள்" என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடலாம்.

வீட்டு பாண்டிலிருந்து, அதாவது வீட்டுக் கடனிலிருந்து, எடுப்பது வட்டி விகிதத்தில் மலிவாகத் தெரியும். ஆண்டுக்கு 11 விழுக்காடு என்று வைத்து 5 லட்சம் ரேண்டை 20 ஆண்டில் திருப்பினால், மாதம் சுமார் 5,160 ரேண்ட். முடிவில் கட்டியது 12 லட்சத்து 38 ஆயிரத்தைத் தாண்டும். அதே கடனை ஐந்தே ஆண்டில் அடைத்தால் மாதம் சுமார் 10,870, மொத்தம் ஆறரை லட்சம் சொச்சம். பாண்டிலிருந்து எடுக்கத்தான் வேண்டுமென்றால் ஐந்தாண்டுத் தவணையைக் கட்ட முடிகிற அளவுக்கு மட்டும் எடுங்கள். தாத்தா பாட்டி கரும்புத் தோட்டத்திலிருந்து தலையெடுத்து வாங்கிய வீட்டை முழுதாக இதில் வைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. பிள்ளைக்கு வேலை கிடைக்கத் தாமதமாகும் இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் வங்கி வந்து நிற்கும்.

2024 செப்டம்பரிலிருந்து ஓய்வூதிய நிதியின் சேமிப்புப் பகுதியிலிருந்து வரி ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வழி வந்திருக்கிறது. அதை இதற்கு எடுக்கலாமா என்று பல அப்பாக்கள் கேட்கிறார்கள். எடுக்கும் தொகை அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்ந்து வரி விதிக்கப்படும். கைக்கு வருவது குறைவு, முதுமைக்கு இழப்பதோ அதிகம். வேண்டாம் என்பேன். பிள்ளை கிரேடு 8-இல் இருக்கும்போதே மாதாமாதம் தனிக் கணக்கில் போடுவதும், குடும்பத்துக்குள் சீட்டு மாதிரி ஸ்டாக்வெல் போட்டு ஒரு சுற்றுத் தொகையைப் பிபிஎல்லுக்கு எடுப்பதும் இதைவிட எவ்வளவோ நல்லது. நாங்கள் பிபிஎல் கட்டத்தை முழுவதும் சேமிப்பிலேயே முடித்தோம். கடன் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது.

பணத்தைக் கட்டும் விதம் இதைவிட முக்கியம். பள்ளிகள் "50 மணி நேரம் சேர்த்து வாங்கினால் தள்ளுபடி" என்று சொல்லும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படிப் பெரிய தொகை கட்டியது. பாதி பறப்பதற்குள் பள்ளி மூடிவிட்டது. திவாலான நிறுவனத்திடம் பணம் வர வேண்டியவர்களில் அடமானம் பிடித்த வங்கி முன்னால் நிற்கும். முன்பணம் கட்டிய மாணவன் வரிசையின் கடைசியில், ஈடு எதுவும் இல்லாமல் நிற்பான். ஐந்து விழுக்காடு தள்ளுபடிக்காக முழுத் தொகையைப் பணயம் வைப்பது சரியான பேரம் ஆகாது. இரண்டு, மூன்று வாரம் பறக்கும் அளவுக்கு மட்டும் கணக்கில் போடுங்கள், தீரும்போது மறுபடி போடுங்கள். மாதக் கடைசியில் பள்ளியின் ஸ்டேட்மெண்டையும் லாக்புக்கையும் பக்கத்தில் வைத்து, தேதி, விமானத்தின் பதிவெண், நேரம் மூன்றும் ஒத்துப்போகிறதா பாருங்கள். நான் மாதாமாதம் பார்த்தேன். கேள்வி கேட்கும் அம்மா என்று தெரிந்தால் பில்லும் கவனமாகவே வரும்.

ஏழாம் படி: 200 மணி நேரத்துக்கு அப்பால்

லைசென்ஸ் கைக்கு வந்த அன்று பிள்ளை கமர்ஷியல் பைலட். ஆனால் 200 மணி நேரம் மட்டும் பறந்தவரை வேலைக்கு எடுக்கும் இடம் குறைவு. விமான நிறுவனத்தில் கேப்டனாக வேண்டிய ஏடிபிஎல் லைசென்ஸுக்கு 1,500 மணி நேரம் வேண்டும். நடுவில் உள்ள தூரத்தைக் கடப்பதற்கு இங்கே வழக்கமான சில வழிகள் உண்டு.

இன்ஸ்ட்ரக்டர் ஆவது முதலாவது. தொடக்க நிலையான கிரேடு 3 இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங்குக்குத் தனிப் பயிற்சியும் தனிச் செலவும் உண்டு. மேல்நிலை இன்ஸ்ட்ரக்டர் ஒருவரின் மேற்பார்வையில்தான் கற்பிக்கலாம். சம்பளம் பெரும்பாலும் பறக்கும் மணிக்கு ஏற்றபடி வருவதால், மழை மாதத்தில் வருமானமும் சுருங்கும். ஆனால் மற்றவர் காசில் மணி நேரம் சேர்கிறது. கற்பிக்கும்போதுதான் உண்மையில் கற்றுக்கொள்கிறோம் என்று என் மகள் அடிக்கடி சொல்வாள். அவள் தேர்ந்தெடுத்ததும் இதைத்தான்.

இரண்டாவது, போட்ஸ்வானாவில் ஒக்கவாங்கோ சதுப்புநிலத்தின் வாசலான மவுன். சுற்றுலாப் பயணிகளைக் காட்டு முகாம்களுக்குச் சின்ன விமானத்தில் கொண்டுபோகும் வேலை. தென்னாப்பிரிக்க இளம் பைலட்டுகள் நெடுநாளாகப் போகும் பாதை இது. நேரில் போய்ச் சில மாதம் தங்கிக் கதவு தட்டுபவர்களுக்குத்தான் வேலை கிடைக்கும் என்பார்கள், வேலை பெர்மிட்டும் வேண்டும். அந்த மாதங்களின் வாடகையும் சாப்பாடும் கையில் இருக்க வேண்டும். நமீபியாவிலும் இதே மாதிரி வேலைகள் உண்டு. பாராசூட் குதிப்பவர்களை மேலே கொண்டுபோவது, நில அளவைப் பறத்தல் போன்றவையும் கிடைக்கும்.

வேலை தேடும் காலத்தில் லைசென்ஸ் சும்மா உட்கார்ந்திருக்காது. கிளாஸ் 1 மெடிக்கலும் இன்ஸ்ட்ருமெண்ட் ரேட்டிங்கும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அந்த டெஸ்டுக்கு முன் சில மணி நேரமாவது பறந்து கையைப் பழக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக வைக்கச் சொன்னது இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங்குக்கும் இந்தப் புதுப்பித்தலுக்கும்தான். இது இல்லாத குடும்பங்களில் லைசென்ஸ் காலாவதியாகி, பிள்ளை கால் சென்டரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். திறமைக் குறைவால் வந்த நிலை இல்லை அது, கடைசிக் கட்டத்துக்குப் பணம் இல்லாமல் போனதால் வந்தது.

தொழிலின் ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் எடுங்கள். 2019 டிசம்பரில் சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ் கடன் சுமையால் சட்டப்படியான மீட்பு நடவடிக்கைக்குள் போனது, 2021 செப்டம்பரில்தான் மீண்டும் பறந்தது. 2022 ஜூனில் கோமேர் விமான நிறுவனம் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்களே அப்போது வேலை தேடினார்கள், புதியவர்கள் அவர்களுக்குப் பின்னால் காத்திருந்தார்கள். பறக்கும் காலத்திலேயே யூனிசா பல்கலைக்கழகத்தில் தொலைதூரப் பட்டம் ஒன்றையும் மெல்ல முடிக்கச் சொல்வேன். மழை நாட்களில் அதற்கு நேரம் கிடைக்கும்.

வேலை விசாவில் இருக்கும் குடும்பங்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே தற்காலிக விசாவில் இருப்பவர்கள் கூடுதலாக இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். பிள்ளைக்கு அதன் பெயரிலேயே படிப்பு விசா தேவைப்படலாம், பள்ளி அதற்குத் தகுதியான நிறுவனமாக இருக்க வேண்டும். படிப்பு விசாவில் முடித்த பிள்ளை நேராக இங்கே இன்ஸ்ட்ரக்டர் வேலைக்குப் போக முடியாது, அதற்கு வேலை செய்யும் உரிமை தனியாக வேண்டும். ஏழாம் படியில் சொன்ன பாதை அவர்களுக்கு அப்படியே பொருந்தாது.

இந்தியாவுக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால், இந்திய விமானத்துறை ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ வைக்கும் விமானச் சட்டம், வழிகாட்டல், வானிலைத் தேர்வுகளில் தேற வேண்டும், இந்திய கிளாஸ் 1 மெடிக்கலும் தனியாக எடுக்க வேண்டும். இங்கே மெடிக்கல் எடுக்கும் அதே ஆண்டில், விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அதையும் முடித்துவிடுவது புத்திசாலித்தனம். இரண்டு நாட்டிலும் தேறுகிற உடம்பா என்பது செலவுக்கு முன்பே தெரிந்துவிடும். அந்தத் தேர்வுகளுக்கான படிப்பை இங்கே பறந்துகொண்டிருக்கும்போதே தொடங்குங்கள். முடித்துவிட்டு ஊருக்குப் போய்ப் படிக்கலாம் என்று விட்டால், பறக்காமல் போகும் மாதங்களில் கை விட்டுப்போகும், அதை மீட்க இந்தியாவில் மறுபடி மணிக்கணக்கில் காசு கட்ட வேண்டிவரும். லாக்புக்கின் ஒவ்வொரு பக்கத்திலும் இன்ஸ்ட்ரக்டரின் கையெழுத்தும் பள்ளியின் முத்திரையும் அன்றன்றைக்கே வாங்கி, போட்டோ எடுத்து வையுங்கள். லைசென்ஸ் மாற்றும்போது அங்கிருந்து சரிபார்க்கக் கேட்பார்கள். நாலு வருஷத்துக்கு முன் கற்பித்தவர் அப்போது எந்த நாட்டில் பறந்துகொண்டிருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது.